ஒரு சதுர மீட்டரில் அறிவியல்

நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கணிப்பொறியில் 'கோட்டைக்குப்பம்' என்று ஒரு முறை அடித்துப் பாருங்கள். இச்சொல்லில் எட்டு எழுத்துகள் உள்ளன. 'கோ' என்னும் எழுத்தில் ககரத்தின் இரு பக்கங்களிலும் குறிகள் நிற்கின்றன. 'டை' என்பதில் குறி முன்னால் நிற்கிறது. 'கு' என்பதிலோ குறி தனியே தெரியாமல் எழுத்தோடு ஒட்டி அதன் உருவத்தையே மாற்றிவிடுகிறது. போதாக்குறைக்கு நான்கு இடங்களில் புள்ளி. ஒரு மென்பொருளுக்குத் தமிழ் தெரியுமா என்று சோதிக்க இதைவிட நல்ல சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இந்தச் சோதனையை நான் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. கோட்டைக்குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர். சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டிச் செல்லவேண்டும். ஊரின் பெயரில் ஒரு கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இந்தப் பழவேற்காட்டில்தான் இருந்தது. ஏரியோ ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் வந்து சேரும்போது இதன் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரத்தில் மணல் அடைத்து, வெயிலில் நீர் வற்றும்போது கடல்நீரையும் மிஞ்சி உப்பேறும். இறால் வருவதும் வராததும் இதைப் பொறுத்தது. அதனால்தான் இங்குள்ள மீனவர்கள் மீன்பிடிக்கும் இடங்களைக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குப்பமும் அண்டை ஊர்களும் கடைப்பிடிக்கும் இந்த முறையைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் ஓர் ஆய்வேட்டையே வெளியிட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்கள் நால்வர் இந்த ஏரியின் பல இடங்களில் நீர் எடுத்து, ஒளிவிலகல்மானியைக் கொண்டு உப்பின் அளவைக் கண்டார்கள். நீரில் உப்பு கூடக்கூட அதன் ஒளிவிலகல் எண்ணும் கூடும் என்ற எளிய தத்துவந்தான். முடிவுகளை ஒரு பல்கலைக்கழக மாநாட்டில் போஸ்டராக வைத்தார்கள். ஆங்கிலத்தில், பளபளப்பான தாளில், வண்ண வரைபடங்களோடு அது நன்றாகவே அமைந்திருந்தது. திரும்பி வந்ததும் எங்களைப் படகில் ஏற்றிச்சென்ற பெரியவரிடம் அதை விரித்துக் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்தார். "எங்க தண்ணியப் பத்தித்தான் எழுதியிருக்கீங்கன்னு சொல்றீங்க சார். எனக்கு இதுல படம் மட்டுந்தான் தெரியுது," என்றார்.

அதையே தமிழில் செய்துவிடுவோம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். மாணவர்கள் தமிழில் அடித்தார்கள். எங்கள் கணிப்பொறியில் சரியாகவே இருந்தது. நினைவுத்துண்டில் எடுத்துக்கொண்டு ஓர் அச்சுக்கடைக்குப் போனோம். அங்கே திரையில் ஊரின் பெயர் சிதறிக் கிடந்தது. 'டை'யின் குறி முன்னால் நிற்பதற்குப் பதில் பின்னால் போய் நின்றது. சில இடங்களில் வெறும் கட்டங்கள். கடைக்காரர், "எங்க ஃபான்ட்ல மறுபடி டைப் பண்ணிக் குடுங்க சார்," என்றார். ஆங்கிலப் போஸ்டர் அரைமணி நேரத்தில் அச்சாகிவிட்டதே, தமிழுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? விடை தேடப்போனபோது, போஸ்டர் என்ற பண்டம் எப்படி வந்தது, அதை வரையும் கருவிகள் யாருக்காகச் செய்யப்பட்டன என்ற வரலாறு முழுவதையும் படிக்க நேர்ந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

சுவரொட்டி என்றால் நமக்குத் திரைப்படமும் தேர்தலும் நினைவுக்கு வரும். அறிவியல் மாநாட்டுப் போஸ்டர் வேறு. ஆய்வாளர் தம் வேலையை ஒரு பெரிய தாளில் எழுதி மாட்டிவிட்டு அருகில் நிற்பார். வருகிறவர் பார்ப்பார், கேட்பார், சண்டையும் போடுவார். இந்த வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. அதற்கு முன்பெல்லாம் மேடையில் பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவதுதான் முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆய்வாளர்களின் எண்ணிக்கை பெருகவே, எல்லோருக்கும் மேடை கொடுக்க நேரம் போதவில்லை. 1969-இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் கூடிய ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் கூட்டமைப்பு மாநாட்டில் போஸ்டர் அமர்வு இடம்பெற்றது. 1974-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் நடந்த உயிர்வேதியியல், உயிரியற்பியல் மாநாடு அதைப் பின்பற்றியது. அதன்பின் எல்லாத் துறைகளுக்கும் பரவிவிட்டது.

அந்த நாள் போஸ்டரைச் செய்த கருவிகள் எவை தெரியுமா? தட்டச்சுப் பொறி, இந்திய மை, வரைகோல், கத்தரிக்கோல், பசை. தலைப்புக்கு மட்டும் 'லெட்ராசெட்' என்று ஒன்று இருந்தது. ஒரு தகட்டிலிருந்து எழுத்துகளைத் தேய்த்துத் தாளில் ஒட்டவைக்கும் முறை அது. 1960-களின் தொடக்கத்தில் இலண்டனிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரிதும் சிறிதுமாக 52 என்று முடிந்துவிடும். தமிழில் தலைப்பு வேண்டியவர் தூரிகையைத்தான் எடுக்கவேண்டும். இதில் ஒரு வசதியும் இருந்ததை மறந்துவிடக் கூடாது. கையால் எழுதும்போது எந்த மொழியானாலும் ஒன்றுதான். பேனாவுக்குத் தமிழ் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தம் ஆய்வுகளைத் தம் தாய்மொழியிலேயே சொல்லமுடிந்தது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. வரைதாளில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதிய அந்தப் போஸ்டர்களுக்கு எழுத்துருச் சிக்கல் எதுவும் வரவில்லை.

இனித் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. போஸ்டருக்கு வழக்கமான அளவு ஏ0. இதன் பக்கங்கள் 841 மில்லிமீட்டர், 1189 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரும். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலம். இந்த விகிதத்தில் உள்ள தாளைப் பாதியாக மடித்தால் பாதித்தாளும் அதே விகிதத்தில் இருக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பர்க் 1786-இலேயே ஒரு கடிதத்தில் இதைக் குறித்திருக்கிறார். ஜெர்மனி இதைத் தேசியத் தரமாக்கியது 1922-இல். ஏ0 தாளை நான்கு முறை மடித்தால் நாம் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பயன்படுத்தும் ஏ4 வந்துவிடும். ஆகவே ஒரு போஸ்டர் என்பது 16 ஏ4 தாள்கள். பெரிய தாளில் அச்சிடும் பொறிகள் 1990-களின் தொடக்கத்தில் பரவுவதற்கு முன்னால் உண்மையிலேயே பலரும் ஏ4 தாள்களை அடுத்தடுத்துக் குண்டூசியால் குத்தித்தான் மாநாட்டை ஒப்பேற்றினார்கள்.

கணிப்பொறி இந்த வேலைக்குள் நுழைந்ததற்கு ஒரு கணிதக் கருத்து காரணம். ஓர் எழுத்தைப் புள்ளிகளால் நிரப்பி வைத்திருந்தால், பெரிதாக்கும்போது விளிம்பு படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும். மாறாக, எழுத்தின் வளைவைச் சமன்பாடாக வைத்திருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் வழுவழுப்புக் குறையாது. இந்த வளைவுகள் மோட்டார் காரிலிருந்து வந்தவை! பிரான்சில் சித்ரோயன் நிறுவனத்தில் டி காஸ்டெல்ஜோ என்பவரும், ரெனோ நிறுவனத்தில் பெசியே என்பவரும் காரின் உடற்பகுதியை வடிவமைக்க 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே இம்முறையைக் கண்டார்கள். முதலாமவரின் நிறுவனம் அதை இரகசியமாக வைத்துக்கொண்டதால், இரண்டாமவரின் பெயரே நிலைத்துவிட்டது. நான்கு புள்ளிகளைக் கொடுத்தால் ஒரு வளைவு கிடைக்கும். இரண்டு புள்ளிகள் வளைவின் முனைகள். மற்ற இரண்டும் வளைவைத் தம் பக்கம் இழுக்கும் காந்தங்கள் போல. புள்ளியை நகர்த்தினால் வளைவும் கூடவே நகரும்.

அமெரிக்காவில் வார்னாக், கெஷ்கி என்ற இருவர் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனம், பக்கம் முழுவதையும் இத்தகைய வளைவுகளாக அச்சுப்பொறிக்கு எடுத்துச்சொல்லும் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' மொழியை 1984-இல் வெளியிட்டது. மறு ஆண்டே ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும், ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் வந்தன. 1989-இல் கனடாவிலிருந்து கோரல்டிரா வந்தது. தமிழ்நாட்டு டி.டி.பி. மையங்களில் திருமண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலியும் பல ஆண்டுகள் இந்த இரண்டில்தான் உருவாயின.

விஞ்ஞானிகள் பற்றிக்கொண்டது வேறொன்றை. காஸ்கின்ஸ், ஆஸ்டின் முதலியோர் உருவாக்கிய பவர்பாயின்ட், 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளிவந்தது. நிறுவனக் கூட்டங்களில் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகு தாள்களைத் தயாரிப்பதே அதன் நோக்கம். மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் 1.4 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கிவிட்டது. போஸ்டர் வரைவதற்காக அதை யாரும் செய்யவில்லை. ஆனால் எல்லா மேசையிலும் அது இருந்தது. ஒரு பக்கத்தை 56 அங்குலம் வரை நீட்டவும் அனுமதித்தது. ஏ0 தாளின் நீளம் ஏறத்தாழ 47 அங்குலந்தான். ஒரே ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி அதற்குள் எல்லாவற்றையும் திணித்துவிடலாம் என்று கண்டுகொண்டார்கள். இன்று உலகெங்கும் மாநாடுகளில் தொங்கும் போஸ்டர்களில் மிகப் பல இப்படிப் பிறந்தவையே. என் முதல் போஸ்டரும் அப்படித்தான். அதில் நான் திணித்திருந்த சொற்களை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் இயற்பியல்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சமன்பாடுகள் அழகாக அமையவேண்டும் என்பதற்காகவே டொனால்ட் நூத் 1970-களின் இறுதியில் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதி, இலவசமாக உலகுக்குக் கொடுத்தார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 'லாடெக்'கைக் கட்டினார். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருவர் 1990-களின் பிற்பகுதியில் அதைக் கொண்டு ஏ0 போஸ்டர் செய்ய ஒரு தொகுப்பு எழுதினார்கள். சமன்பாட்டுக்கு இதற்கு இணையில்லை. ஆனால் ஒரு படத்தை இரண்டு விரற்கடை நகர்த்த அரை நாள் போகும்! 2003-இல் தொடங்கிய இன்க்ஸ்கேப் வந்தபிறகு, காசு கொடுக்காமல் பெசியே வளைவுகளைக் கையால் பிடித்து இழுக்க வழி பிறந்தது. இணையத்திலேயே வார்ப்புகளை எடுத்து நிரப்பும் கான்வா போன்றவை அதற்கும் பின்னால் வந்தவை. அவற்றைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இத்தனை கருவிகளும் ஆங்கிலத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தபோது தமிழ் என்ன செய்துகொண்டிருந்தது? இங்கேதான் வரலாறு சுவையாகிறது. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே அறியும். அந்நாளைய எழுத்துருக்களில் 256 இடங்களே உண்டு. அவற்றில் பாதி ஏற்கெனவே ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட்டது. நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். எந்த எழுத்தை எங்கே வைப்பது? யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா 1930-களில் மலாயா மண்ணில் இருந்தபடி தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியிருந்தார். அந்தத் தட்டச்சு வழியில் பழகிய விரல்களுக்கு ஏற்ப அமைந்த எழுத்துருக்களில் 'பாமினி' பெரும்புகழ் பெற்றது. பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல்லைக் கணிப்பொறி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய இடத்தில் எழுத்தை வைத்ததால், ஒன்றில் அடித்தது இன்னொன்றில் தெரியவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் பணிபுரிந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் 1990-களில் 'மயிலை' எழுத்துருவைச் செய்து இலவசமாக வழங்கினார். இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தை 1998-இல் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அவர்தான். தமிழ்க் கணிமையின் இந்த முன்னோடிகள் சம்பள வேலை முடிந்த பிறகு, இரவுகளில் இதைச் செய்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்'99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத்தரம் காண முயன்றது. தமிழ்99 விசைப்பலகை அங்கே உருவானதுதான்.

இதற்கிடையில் உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு 1991-இல் வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. எல்லா உயிர்மெய்களுக்கும் அதில் தனி இடம் கிடையாது. அடிப்படை எழுத்தும் குறியும் தனித்தனியே இருக்கும். நாம் தொடக்கத்தில் கண்ட ஊர்ப்பெயரின் எட்டு எழுத்துகளும் அதில் பதினைந்து எண்களாகின்றன. 'டை' என்பது ட, அதன்பின் ஐகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். குறியை முன்னால் கொண்டுவந்து வைப்பதும், 'கோ'வின் குறியைப் பிளந்து இருபுறமும் நிறுத்துவதும், 'கு'வை ஒட்டவைப்பதும் திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. அந்த அறிவு இல்லாத மென்பொருள் எண்களை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். எங்கள் ஊர்ப்பெயர் அச்சுக்கடையில் சிதறியதன் காரணம் இதுதான். குற்றம் கடைக்காரருடையதல்ல; அவர் வைத்திருந்தது யூனிகோடுத் தமிழை அறியாத பழைய பதிப்பு.

இந்த அறிவு மென்பொருள்களுக்கு எப்போது வந்தது என்று பாருங்கள். விண்டோஸில் யூனிகோடுத் தமிழ் தெரிந்தது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில். டெக் குடும்பத்தில் ஜோனதன் கியூவின் ஸீடெக் வந்தது 2004-இல். தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டில். அடோபியின் இன்டிசைன் தமிழைத் தானாகவே சரியாக அடுக்கத் தொடங்கியது 2012-இல். இலவச அச்சுக்கோப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸில் இது 2017-இல் வந்தது. பேஜ்மேக்கருக்கு வரவே இல்லை. 2001-இல் வந்த பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. போஸ்ட்ஸ்கிரிப்ட் பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால், ஆங்கிலத்தில் ஒருவர் செய்த வேலையை அதே வசதியோடு தமிழில் செய்யக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்திருக்கிறது. நம் மாணவர்கள் தமிழில் போஸ்டர் செய்வதில்லை என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்ப்பது நல்லது.

நீங்கள் செய்ய விரும்பினால் இரண்டு வழிகள் உள்ளன. எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாகக் கடைக்குக் கொண்டுபோவது ஒன்று. அதுவும் உதவாவிட்டால், இன்க்ஸ்கேப்பில் எழுத்துகளை வளைவுகளாக மாற்றிவிடலாம். அப்போது அவை எழுத்துகள் அல்ல, வெறும் படங்கள். எந்தக் கணிப்பொறியும் கலைக்க முடியாது. ஆனால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வளைவான பிறகு பிழை திருத்த முடியாது.

படங்களைப் பற்றி ஓர் அச்சம் பலருக்கும் உண்டு. ஏ0 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்ப ஏறக்குறைய 14 கோடிப் புள்ளிகள் வேண்டும். கைப்பேசிப் படத்திலோ 1.2 கோடிதான் இருக்கும். தாள் முழுவதும் விரித்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிதான் தேறும். ஒவ்வொரு புள்ளியும் 0.28 மில்லிமீட்டர். போதுமா? நல்ல கண்ணால் பிரித்தறிய முடிந்த கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 0.44 மில்லிமீட்டர். ஆகவே அவர் கண்ணுக்குப் புள்ளி தெரியாது, தாராளமாக அச்சிடலாம். எழுத்தில்தான் தாராளம் வேண்டும். சுழிகள் நிறைந்த நம் எழுத்து, அதே அளவு ஆங்கில எழுத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 2019-இல் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வு மாணவர் மைக் மாரிசன், போஸ்டரின் நடுவில் ஆய்வின் முடிவை மட்டும் ஒரே வாக்கியமாகப் பெரிதாக எழுதுங்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார். பலர் ஏற்றனர், சிலர் பொறுமினர். நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

அப்படிச் செய்த தமிழ்ப் போஸ்டரைக் கோட்டைக்குப்பத்தில், மீன் ஏலம் முடிந்து ஆட்கள் உட்காரும் ஒரு நிழலில் கட்டினோம். பெரியவர் நடுவாக்கியத்தை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். ஊர்ப்பெயர் வந்ததும் சிரித்தார். பிறகு வரைபடத்தின்மேல் விரல் வைத்து, முகத்துவாரம் குறித்திருந்த இடத்தில் நிறுத்தினார்.

"இது போன வருசத்து மொகத்துவாரம் சார். இப்ப அது வடக்கால போயிருச்சு. இங்க எடுத்த தண்ணியும் அங்க எடுத்த தண்ணியும் ஒண்ணுன்னு போட்டுட்டீங்களே!"

நாங்கள் பயன்படுத்திய வரைபடம் பழையது. மாணவர்கள் மறு வாரமே புதிய முகத்துவாரத்துக்கருகில் போய் நீர் எடுத்துவந்து அளந்தார்கள். இன்க்ஸ்கேப்பில் கரைக்கோட்டின் நான்கு புள்ளிகளை வடக்கே நகர்த்தியபோது வளைவும் கூடவே நகர்ந்தது. அட்டவணையில் ஓர் எண்ணையும் மாற்றவேண்டியிருந்தது.